வாஷித் தாளில் மஞ்சள்

கேக் பெட்டியோடு மண்டபத்துக்குள் வந்த யதுஷா அப்படியே நின்றுவிட்டாள். அவள் விரித்துவிட்டுப் போன ஒவ்வொரு வெள்ளைத் தாளின் நாலு மூலையிலும் மஞ்சள் பொட்டு.

தம்பி மிதுசனுக்குக் காலையில்தான் கோயிலில் கலியாணம் நடந்தது. இரண்டு வீட்டு நெருங்கிய சனத்துக்கு மட்டும் யூனியன்வில்லில் உள்ள இந்த மண்டபத்தில் மதியச் சாப்பாடு. மணப்பெண் ஸ்டெபனியின் தாய் ஹயாஷி இந்தச் சம்பந்தத்தைத் தடுக்கவும் இல்லை, கொண்டாடவும் இல்லை. ஐயர், மேளம், தாலி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கேட்டது ஒன்றே ஒன்று. சாப்பாட்டு மேசையில், தட்டுக்குக் கீழே, ஜப்பானிலிருந்து தான் எடுப்பித்த வாஷித் தாள் இருக்க வேண்டும். கையால் செய்த தாள். சாயம் இல்லை, பூ இல்லை, ஓரம்கூட வெட்டாமல் நார் பிரிந்து நிற்கும். அதில் ஒன்றுமே இல்லாததுதான் அதன் அழகு.

அம்மா தவமணி கடைசி மேசையில் கிண்ணத்தோடு குனிந்து நின்றார்.

“என்னம்மா செய்து வைச்சிருக்கிறியள்?”

“ஏன், கண் தெரியேல்லையே? நல்ல காரியத்துக்கு மொட்டைத் தாளை விரிக்கிறதே? செத்தவீட்டு நோட்டீஸ்தான் மஞ்சள் இல்லாமல் வரும்.”

“இது கலியாணக் கார்ட் இல்லை. சாப்பாட்டுக்கு விரிக்கிறது.”

“தாள் தாள்தானே, பிள்ளை.”

யதுஷா ஒரு தாளைப் புரட்டிப் பார்த்தாள். மறுபக்கமும் ஊறியிருந்தது. கைபேசி அடித்தது. மிதுசன்.

“அக்கா, பார்க்கிங்கில நிக்கிறம். ஸ்டெபனியின்ர மம்மி முன்னால வாறா. டேபிள் ஓகே தானே? அவ கேட்டது அது ஒண்டுதான்.”

“ஓம்” என்று பொய் சொல்லிவிட்டு, ஹயாஷியின் இடத்துத் தாளை உருவிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். இந்த ஒன்றையாவது காப்பாற்றிவிடலாம் என்று நினைப்பு. பாத்திரம் கழுவும் தூளை மூலையில் தூவி, ஈர விரலால் தேய்த்தாள். தாள் கிழியவில்லை. மஞ்சள்தான் சிவந்தது. நாலு மூலையும் ரத்தம் தொட்டது போல. மஞ்சளில் சுண்ணாம்போ சவர்க்காரமோ சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆராத்தி கரைக்கிற எவளுக்கும் தெரியும். காலையில் தம்பிக்கு ஆராத்தி கரைத்தவளே அவள்தான்.

பின்னால் வந்த தவமணி எட்டிப் பார்த்தார்.

“சவர்க்காரத்தூளே போட்டனி, விசரி? சரி, எல்லாம் நான் எண்டு சொல்லு. எனக்கு இங்கிலிஷ் விளங்காது. ஏசினாலும் சுகமாய் நிப்பன்.”

வசதியான யோசனைதான். ஆனால் மிதுசன் இனி அந்த வீட்டு மருமகன். ஒவ்வொரு விருந்திலும் ஹயாஷியின் கண்கள் அம்மாவைக் குற்றவாளியாய்ப் பார்க்கும்.

அவர்கள் மண்டபத்துக்குத் திரும்புவதற்குள் ஹயாஷி வந்துவிட்டார். மேசையோரமாக மெல்ல நடந்தார். எதையும் தொடவில்லை.

“இது என்ன?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“மஞ்சள். அம்மா வைத்தது. நல்ல செய்தி கொண்டுபோகும் தாளுக்கு வைப்போம். வைக்காவிட்டால் அது சாவுச் செய்தி.”

“என் இடத்தில் தாளே இல்லை.”

யதுஷா முதுகுக்குப் பின்னால் வைத்திருந்ததை நீட்டினாள். “இது நான். உங்களுக்குத் தெரியக்கூடாது என்று கழுவினேன்.”

ஹயாஷி அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தவமணி கிண்ணத்தைச் சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டார்.

“உன் அம்மா வைத்ததை என் ஆட்களுக்கு விளக்கலாம்” என்றார் ஹயாஷி கடைசியில். “இதை எப்படி விளக்குவது?”

ஈரத்தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். தன் கதிரையை இழுத்து, வெறும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“என் தாளைத் தருகிறேன்” என்றாள் யதுஷா.

“வேண்டாம். கேட்கிறவர்களுக்கு நீ சொல்.”

கதவு திறந்தது. மிதுசன் மாலையைக் கழற்றிக்கொண்டே வந்தான்.

“அக்கா, மம்மிக்கு மட்டும் ஏன் பேப்பர் இல்லை?”

ஹயாஷி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். யதுஷா தான் கழுவியதைச் சொல்லத் தொடங்கினாள்.