பதினைந்து என்று சொன்னான்

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற நாளில் தாமதமாக வந்தவன் தவின் ஒருவன்தான். ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவி சம்ருவாயை விடியற்காலையிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் காட்டிவிட்டு, அவளையும் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் நாற்பது கிலோமீட்டர் திரும்பி வந்திருந்தான். ஊர் சுகாதார நிலையத்தில் நர்ஸ் இல்லாமல் வருஷம் ஒன்றாகிறது. சம்பளத்துக்குப் பணம் ஒதுக்கவில்லையாம். போன மாதம் அதே சாலையில் பட்டாளத்துக்குப் புதுசாக வாங்கின கவச வண்டிகள் பளபளவென்று வரிசையாகப் போயின. அதற்கு மட்டும் பணம் எங்கிருந்துதான் முளைக்கிறதோ!

பள்ளிக்கூட மைதானத்தில் இருபத்தோரு வயதுப் பையன்கள் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் வயல்காட்டுப் பிள்ளைகள். டவுன் பள்ளியில் படித்தவன் எவனும் அங்கே இல்லை. டவுன் பள்ளிகளிலேயே மூன்று வருஷம் படைப்பயிற்சி உண்டு, அதை முடித்தவனைப் பட்டாளம் தொடாது. தவின் படித்த பள்ளிக்கு அந்தப் பயிற்சி கடைசிவரை வரவே இல்லை.

மேடையில் சீட்டுப் பெட்டி இருந்தது. சிவப்புச் சீட்டு வந்தால் இரண்டு வருஷம் பட்டாளம், கறுப்பு வந்தால் வீடு. சீட்டு எடுக்குமுன் தானாகப் பேர் கொடுத்தால், பள்ளி முடித்தவனுக்கு ஒரே வருஷம். தேவையான அத்தனை பேரும் அப்படியே சேர்ந்துவிட்டால் சீட்டே கிடையாது, மிச்சப் பேர் தப்பித்தார்கள்.

தவின் உயரம், மார்பளவு எல்லாம் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது, வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த அனுசோன் ஓடி வந்து தோளில் கை போட்டான். ஊர்த்தலைவர் மகன். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு.

"என்னடா மச்சான், கல்யாணத்துக்கு வர்ற மாதிரி ஆடி அசைஞ்சு வர்றே!"

"எத்தனை பேர் வேணுமாம்?"

"பதினைஞ்சு. நேத்துப் பேசினது ஞாபகம் இருக்குல்ல? ரெண்டு பேரும் பேர் குடுத்துருவோம். ஒரே முகாம், ஒரே வருஷம். அப்பா பேசிட்டாரு."

தவினுக்கு உள்ளுக்குள் நப்பாசை இருந்தது. "கறுப்பு வந்தா, பொறக்கிறப்போ கூட இருக்கலாம்டா."

"சிவப்பு வந்தா? உன் புள்ள நடந்து வந்து, யாருடா நீன்னு உன்னையே கேக்கும்!"

தவின் விரலை மடக்கி இரண்டு வருஷத்தையும் எண்ணிப் பார்த்தான். சரி, ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம், துணைக்கு இவனும் இருக்கிறான். மேஜை முன்னால் ஏற்கெனவே எட்டுப் பேர் நின்றார்கள். அனுசோன் அவன் முதுகைத் தள்ளினான்.

"நீ முன்னாடி நில்லு மச்சான். நான் உன் பின்னாலயேதான் இருக்கேன்."

முறை வந்தது. தவின் குனிந்து கையெழுத்துப் போட்டான். எழுத்தர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"ஒன்பது! கணக்கு முடிஞ்சிருச்சு. இன்னிக்குச் சீட்டு இல்ல, மத்தவங்கெல்லாம் கெளம்புங்கப்பா!"

மைதானமே துள்ளிக் குதித்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மாக்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள். தவினுக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. வாசல் பக்கம் எட்டிப் பார்த்தான். அவசரமாக உள்ளே ஓடி வந்தபோது அவன் கவனிக்காத கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: தேவை, ஒன்பது பேர்.

முன்னால் நின்ற எட்டு முகங்களையும் அப்போதுதான் நன்றாகப் பார்த்தான். கூலிக்கு அறுப்பு அறுக்கிறவன், தகப்பன் இல்லாதவன், செங்கல் சூளையில் வேலை செய்கிறவன். போன வாரம் ஊர்த்தலைவர் வீடுவீடாகப் போய் உட்கார்ந்து பேசிய வீட்டுப் பையன்கள் அத்தனை பேரும். அடப்பாவிகளா, இப்படியுமா ஒரு ஏற்பாடு!

அனுசோன் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான்.

"பதினைஞ்சுன்னு சொன்னியேடா."

"எனக்கென்ன தெரியும்... யாரோ சொன்னாங்க..."

"காலையிலேருந்து அந்தப் பலகைக்குக் கீழதானே உக்காந்திருந்தே."

அனுசோன் பொத்தானைத் துளையில் மாட்டத் தெரியாதவன்போல் தடுமாறினான். பிறகு மெல்லச் சொன்னான்: "ஒரு வருஷந்தானே மச்சான். என் இடத்துல இருந்தா நீ மட்டும் என்ன பண்ணியிருப்பே?"

தவினுக்குக் கோபம்கூட வரவில்லை.

"உன்கிட்டச் சொல்லியிருப்பேன்டா. ஒன்பது பேருதான்னு சொல்லியிருப்பேன்."

வேலியோரம் சம்ருவாய் நின்றிருந்தாள். அனுசோனின் அம்மா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "உன் புருஷன் நல்லா இருக்கணும்டி" என்று அழுதுகொண்டிருந்தாள். சம்ருவாய்க்கு எதுவும் புரியவில்லை. தவினைப் பார்த்ததும் கேட்டாள்:

"ஏங்க, அனுசோன் அண்ணனும் உங்ககூடத்தானே வர்றாரு?"