கூடூ மானின் முகம்

அபு ராஷித் கடைக்கு வந்தால் முதலாளியின் ஏசி அறைக்குப் போகமாட்டார். நேரே பின்கட்டுக்கு வந்துவிடுவார். தோலும் உப்பும் பசையும் சேர்ந்து நாறுகிற இடம் அது. வேறு எந்த அரபியும் அங்கே தலையைக்கூட நீட்டியதில்லை. இவர் மட்டும் வெள்ளைக் கந்தூரா அங்கியோடு ஒரு அழுக்கு ஸ்டூலில் உட்கார்ந்து, "என்ன ஜெபா, இன்னைக்கு எதைச் சிரிக்க வைக்கிறே?" என்று கல்ஃப் இந்தியில் கேட்பார்.

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் டயர் கடைகளுக்கு நடுவே இருந்தது அந்தக் கடை. அரபிகள் வெளிநாடு போய்ச் சுட்டு வருகிற மிருகங்களையும், செத்துப்போன வேட்டை ராஜாளிகளையும் அங்கே பாடம் பண்ணிக் கொடுத்தார்கள். பேருக்கு, விசா கொடுக்கிற கஃபீல் ஒரு அரபி. நடத்துகிறவர் கீழக்கரை ஜெய்னுலாப்தீன். வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர்: முட்டத்துக்காரர் ஜெபசீலன், கமுதிப் பக்கத்து மாயாண்டி. ஜெபசீலன் இந்த ஊருக்குக் கொத்தனார் கையாளாக வந்தவர். சாரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்தபின் இங்கே தோல் கழுவச் சேர்ந்தார். கழுவிக் கழுவியே தொழில் படிந்துவிட்டது.

அன்றைக்கு அபு ராஷித் வந்தபோது முகமெல்லாம் வெயிலில் கறுத்திருந்தது. நமீபியாவில் மகனோடு வேட்டைக்குப் போய்வந்திருந்தார். போனை நீட்டினார். திருகிய கொம்போடு ஒரு பெரிய மான், புல்லில் கிடந்தது. கூடூ என்றார். வலிக்கிற முட்டியை வைத்துக்கொண்டு பாறையில் ஏறி, கடைசி நாளில் கிடைத்ததாம்.

"இனிமே எனக்கு மலை ஏற முடியாது ஜெபா. இதோட சரி."

மாயாண்டி எட்டிப் பார்த்து, "கொம்பைப் பாருங்கண்ணே, எங்கூரு ரோடு மாதிரில்ல வளைஞ்சு போவுது" என்றான். ஜெபசீலன் அதை இந்தியில் சொல்ல, கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் விஷயத்துக்கு வந்தார்.

"அங்கேயே பாடம் பண்ணித் தரேங்கிறாங்க. ஒன்றரை வருஷம் ஆகுமாம். பச்சைத் தோலை உப்புப் போட்டு அனுப்பினா இங்கே நாலு மாசத்துல முடிச்சிடலாம்னு உன் முதலாளி சொல்றான். எனக்கு அவசரம் இல்லை. எனக்கு அந்த முகம் வேணும். சுடறதுக்கு முன்னாடி திரும்பி என்னைப் பார்த்துச்சு. அந்த முகம் எங்கே சரியா வரும்? நீ சொல்லு."

அங்கேதான். அதைச் சொல்ல ஜெபசீலனுக்கு யோசனையே தேவையில்லை. அங்கே இருக்கிறவன் அந்த மானை உயிரோடு தினமும் பார்க்கிறவன். இவர் செய்ததெல்லாம் ராஜாளியும் சின்ன மானும் ரெண்டு ஒரிக்ஸ் மானும். போதாததற்கு ஜூலை வரப்போகிறது. அவசரமாக உப்பைத் தூவி மடித்த தோல் கார்கோ ஷெட்டில் கிடந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

கிழவரின் முதுகுக்குப் பின்னால் ஜெய்னுலாப்தீன் நின்றார். போன வாரம்தான் சொல்லியிருந்தார்: "சீலண்ணே, ஒங்களுக்கு அறுவது ஆவுது. விசா புதுப்பிக்க கஃபீல் யோசிக்கிறாரு. பெரிய வேலையா ஒண்ணு வந்தா நான் பேசிருவேன். இல்லாட்டி ஊர்ல போய் ரெஸ்ட் எடுங்க."

ரெஸ்ட்! மகள் ரினி நாகர்கோவிலில் நர்சிங் இரண்டாம் வருஷம். தங்கபுஷ்பம் போனில் தினமும் ஒன்றையே கேட்டாள். "விசா அடிச்சாச்சா இல்லியா, அதச் சொல்லும்."

"இங்கேயே பண்ணலாம் பாபா. மாஃபி முஷ்கில்" என்றார் ஜெபசீலன்.

பிரச்சினை இல்லை என்று அர்த்தம். வளைகுடாவில் இறங்கிய கூலிக்காரன் முதலில் படிக்கிற வார்த்தை அது. சாரம் ஆடுகிறதா, மாஃபி முஷ்கில். காய்ச்சலா, மாஃபி முஷ்கில். வேலை தெரியுமா என்று கேட்டால் தெரியாத வேலைக்கும் அதேதான். ஆனால் இந்தக் கிழவரிடம் மட்டும் அவர் அதைச் சொன்னதில்லை. முடியாததை முடியாது என்பார். அதற்காகவே கிழவர் இந்த நாற்றத்துக்குள் வந்து உட்கார்ந்தார்.

அபு ராஷித் அவரை ஒரு கணம் பார்த்தார். தொடையைத் தட்டி எழுந்தார். "நீ சொன்னா சரி. கலாஸ், முடிஞ்சுது."

நமீபியாவிலிருந்து தோல் பெட்டி வந்தது. வந்த பெட்டி ஒரு பேப்பர் குறைகிறதென்று ஏர்போர்ட் கார்கோவில் நின்றுபோனது. ஜூலை போய் ஆகஸ்டும் வந்தது. "நமக்குத்தான் விசா இழுக்குதுன்னா, செத்த மானுக்குமாண்ணே?" என்றான் மாயாண்டி. ஜெபசீலன் சிரிக்கவில்லை. இப்போதாவது கிழவருக்குப் போன் போட்டு, பெட்டியைக் குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றச் சொல்லலாமா என்று பலமுறை நினைத்தார். சொன்னால், ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்பாரே. அதற்குப் பயந்தே நாளைக் கடத்தினார்.

பெட்டி கடைக்கு வந்த அன்று அபு ராஷித்தும் மகனோடு வந்துவிட்டார். ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்று ஜெய்னுலாப்தீன் கெஞ்சிப் பார்த்தார்.

"சுட்டது நான். நான் இல்லாம யார் பிரிக்கிறது?"

மூடியை நெம்பும்போதே ஜெபசீலனுக்குத் தெரிந்துவிட்டது. உப்பு பிடித்த வாசனை வேறு, பிடிக்காமல் போன நாற்றம் வேறு. கருவாடு காய்கிற கரையில் பிறந்தவருக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தோலை மெதுவாக விரித்தார். தோள் சரி. கழுத்தும் சரி. முகத்துக்கு வந்தார். இரண்டு கண்ணுக்கும் நடுவே ஓடுகிற வெள்ளைப் பட்டையில் விரல் பட்டது. பட்டை விரலோடு வந்துவிட்டது. கையை மூடிக்கொண்டார்.

"கையைத் திற" என்றார் அபு ராஷித்.

திறந்தார். ஈரமான வெள்ளை முடி உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. உதட்டோரமும் இமையும் அப்படியே கழன்றன.

"எல்லாம் கார்கோக்காரன் பண்ணுன வேலை பாபா!" என்று ஜெய்னுலாப்தீன் பாய்ந்தார். "ஆட்டு முடி ஒட்டி பெயின்ட் அடிச்சிருவோம். ஒருத்தனுக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றார் கிழவர். அவர் முதலாளியைப் பார்க்கவேயில்லை. "ஜெபா, இப்படி ஆகும்னு உனக்குத் தெரியுமா?"

பழியைக் கார்கோக்காரன் மேல் போட்டிருக்கலாம். அந்தக் கதவை முதலாளி திறந்தே வைத்திருந்தார்.

"ஆகலாம்னு தெரியும் பாபா."

"அப்புறம் ஏன் இங்கேன்னு சொன்னே?"

"விசா முடியுது. பெரிய வேலை வந்தாத்தான் புதுப்பிப்பாங்கன்னு..."

"விசாவா?" கிழவருக்குக் கோபம்கூட வரவில்லை. புரியாத மாதிரி பார்த்தார். "என்கிட்ட கேட்டிருக்கலாமே. எனக்கு அது ஒரு போன் வேலை. இத்தனை வருஷமா இங்கே வந்து உட்காருறேன். உன் மகள் என்ன படிக்கிறாள்னு எனக்குத் தெரியும். வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே."

ஜெபசீலன் வாயைத் திறந்து எதுவும் கேட்டதில்லைதான். கேட்டால் கை நீட்டுகிறவர்களின் வரிசையில் தானும் போய் நிற்க வேண்டும். கிழவர் முன்னால் அந்த வரிசையில் நிற்கக் கூடாது என்று ஒரு வீம்பு. வீம்பைக் காப்பாற்றிக்கொண்டு பொய்யைச் சொல்லியிருந்தார்.

"கொம்பை மட்டும் பலகையில் வச்சுக் கொடு" என்று சொல்லிவிட்டு அபு ராஷித் எழுந்தார். மகன் ராஷித் அப்பாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனான். அவர்கள் போனதும் ஜெய்னுலாப்தீன் தலையில் அடித்துக்கொண்டார். "என்ன மனுஷன்ணே நீங்க? யாராச்சும் ஆமான்னு சொல்லுவானா?"

"மொதல்ல கேட்டப்பவே சொல்லியிருக்கணும் பாய்" என்றார் ஜெபசீலன்.

கொம்பை அவர் மினுக்கி, நல்ல மரப்பலகையில் பொருத்திக் கொடுத்தார். டிரைவர் வந்து எடுத்துப்போனான்.

பத்துப் பதினைந்து நாளில் ஜெய்னுலாப்தீன் பல்லெல்லாம் தெரிய பின்கட்டுக்கு வந்தார். கஃபீலுக்கு எங்கிருந்தோ போன் வந்ததாம். விசா ஓகே. மாயாண்டி பிரியாணி கேட்டான். ஜெபசீலன் வாங்கிக் கொடுத்துவிட்டுத் தான் ஒரு வாய்கூட வைக்கவில்லை. "லேய், நீ தின்னு" என்று வெளியே போய் டயர் கடை ஓரம் நின்றார். தங்கபுஷ்பத்துக்குப் போன் போட்டுச் சொன்னார். "கர்த்தாவே, ஸ்தோத்திரம்!" என்று அவள் அழுதாள். அவருக்கு அதுவும் சுட்டது.

இரண்டு வருஷம் கழித்து, குளிர் தொடங்கியபோது ராஷித் ஒரு ஆளோடு வந்து பெரிய மரப்பெட்டியை இறக்கினான். இந்தமுறை அவன் தனியாகப் போய்ச் சுட்ட மான், நமீபியாவிலேயே பாடம் பண்ணி அனுப்பியிருந்தார்கள். வழியில் ஒரு காது மட்டும் விண்டிருந்தது.

ஜெபசீலன் அதைச் சுற்றி வந்து பார்த்தார். கண்ணின் ஈரம், மூக்கின் சுருக்கம், எதையோ மோப்பம் பிடித்து நிமிர்ந்த நிற்பு. தன் கைக்கு இது வந்திருக்காது.

"பாபா சுகமா இருக்காரா?"

"வண்டியிலதான் இருக்கார்" என்றான் ராஷித்.

கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார். வண்டி இன்ஜின் அணையாமல் நின்றது. கறுப்புக் கண்ணாடி பாதி இறங்கியது. கிழவர் மெலிந்திருந்தார்.

"காது சரியாகுமா?"

"ஆகும் பாபா. வியாழக்கிழமை முடிச்சிடுறேன்."

"மறுபடி விசா அடிச்சாச்சா?"

"அடிச்சாச்சு பாபா. உங்களாலதான்... நான் அன்னைக்கு..."

"நல்லது. காது முடிஞ்சதும் ராஷித் வந்து எடுத்துக்குவான்."

கண்ணாடி ஏறியது. ராஷித் வந்து வண்டியில் ஏறும்வரை ஜெபசீலன் அங்கேயே நின்றார். கறுப்புக் கண்ணாடியில் அவருடைய ஏப்ரனும் பின்னால் அடுக்கியிருந்த டயர்களும்தான் தெரிந்தன. வண்டி போனதும் உள்ளே வந்து, பசையைக் குழைத்து, காதை ஒட்ட உட்கார்ந்தார்.