லேசான சிரமம்

அருள்நாதனுக்குக் கடுமையான வார்த்தை எதுவும் ஆகாது. பென்னாகரம் தாலுகா ஆபீஸ் வாசலில் மேஜை போட்டுப் பதினெட்டு வருஷமாக மனு எழுதுகிறார். அதிகாரி முகம் சுளிக்கும்படி ஒரு சொல்கூட எழுதியதில்லை என்பதில் அப்படியொரு பெருமை. அவருடைய மனுக்களில் வீடு இடியாது, சற்றே சாயும். பட்டினி கிடையாது, உணவில் சிறு சிக்கனம். அந்தப் பேனாவுக்கு முதுகெலும்பே இல்லை என்று அவருடைய அண்ணி மதலேனம்மாள் நினைத்துக்கொள்வாள்.

எண்பத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம் அவள் வந்து நின்றபோது அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"பூமி சூடேறுதாம் அண்ணி. அமெரிக்காவுல யாரோ விஞ்ஞானி சொல்லியிருக்கான். இனிமே மழையெல்லாம் தாறுமாறாத்தான் இருக்குமாம். பேப்பர்காரன் ரொம்பத்தான் பயமுறுத்தறான். கொஞ்சம் பதமா எழுதியிருக்கலாம்."

"சுடுதுன்னா சுடுதுன்னுதான எழுதணும்."

அவள் ஒரு கடிதத்தை மேஜையில் போட்டாள். இரண்டு வருஷமாக மழை ஏமாற்றியதில் ஊர்க் கிணற்றில் சேறுதான் மிச்சம். நாற்பது வீட்டுக்கும் குட்டைத் தண்ணீர். அதைக் குடித்த மகள் ராஜமேரி நாலு நாளாக வாந்தி பேதியோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். லாரித் தண்ணீர் கேட்டு ஊரார் போன மாதமே மனுக் கொடுத்திருந்தார்கள். எழுதியது அருள்நாதன். அதற்கு வந்த பதில்தான் இது: ‘குடிநீரில் லேசான சிரமம் என்று மனுதாரர்களே தெரிவித்திருப்பதால் தற்போது லாரி தேவைப்படவில்லை.’

"லேசான சிரமம்னு யாருங்க சொன்னது?"

"அது ஒரு மரியாதைங்க அண்ணி. அதிகாரி மனசு நோகக் கூடாதில்ல."

"அவரு மனசு நோகாம பாத்துக்கிட்டீங்க. எம்புள்ள கொடலு நொந்து கெடக்குறா. வேற எழுதுங்க தம்பி."

அவர் தாளை எடுத்து, பேனாவை உதறி, அழகான கையெழுத்தில் தொடங்கினார். ‘ஐயா அவர்களின் மேலான சமூகத்துக்கு. மழை சற்றே தாமதப்பட்டமையால்...’ படித்துக் காட்டும்போது குரலில் தேன் வேறு ஒழுகியது.

மதலேனம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வருஷமாக வாய்க்குள் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டேவிட்டாள்.

"எனக்கு ஒரு தந்தி அடிச்சீங்களே, ஞாபகம் இருக்குதுங்களா?"

பேனா நின்றது.

அப்போது அவள் அக்காவின் பிரசவத்துக்காக ஓசூர் போயிருந்தாள். இங்கே புருஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்துப்போனான். சாவை அப்படியே தந்தியில் அடிக்கிற வழக்கம் இந்தப் பக்கம் கிடையாது. ‘சீரியஸ்’ என்று அடிப்பார்கள், வாங்கியவர்கள் புரிந்துகொண்டு அழுதபடியே பஸ் ஏறுவார்கள். அருள்நாதனுக்கு அந்தச் சீரியஸே கடுமையாகப் பட்டது. ‘அண்ணனுக்கு உடம்பு சுமார்’ என்று அடித்தார். சுமார்தானே என்று அவள் அக்காவுக்குப் பத்தியச் சோறு வடித்துப் போட்டுவிட்டு, மறுநாள் சாயங்காலம் புருஷனுக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினாள். சித்திரை வெயிலில் உடம்பு தாங்காது என்று மத்தியானமே அடக்கம் பண்ணிவிட்டிருந்தார்கள்.

"நீங்க மனசு ஒடஞ்சிடக் கூடாதுன்னுதான்..."

"உங்களுக்குச் சொல்ல வாய் வரல. அதுக்கு என் மனசு மேல பழியப் போடாதீங்க. அவரு மொகத்தக்கூட நான் பாக்கல."

அவர் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டார். புதுத் தாளில் எழுதினார். ‘கிணற்றில் தண்ணீர் இல்லை. குட்டைத் தண்ணீர் குடித்துக் குழந்தைகள் சாகக் கிடக்கின்றன. உடனே லாரி வேண்டும்.’ கையெழுத்து முதல்முறையாகக் கோணிக்கொண்டு போனது. அப்புறம்தான் அவருக்குக் கேட்கத் தோன்றியது.

"ராஜமேரிக்கு இப்ப எப்படிங்க இருக்குது?"

மதலேனம்மாள் மனுவில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

"சுமார்," என்றாள்.

அருள்நாதன் நாற்காலியைத் தள்ளிவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் ஆஸ்பத்திரிப் பக்கம் ஓடினார். அவள் அவரைப் பத்தடி ஓடவிட்டுத்தான் கூப்பிட்டாள்.

"நில்லுங்க தம்பி. உசுரோடதான் இருக்கா. காலையில கஞ்சி குடிச்சா."

அவர் திரும்பி வந்தார். அவள் மனுவை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"உள்ள போயி நீங்களே படிச்சுக் காட்டிட்டு வாங்க," என்றாள்.