பாறையில் நின்ற புள்ளி

அப்பாவின் விரல்களில் ஜெபமாலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள் டெல்சி. தலைமாட்டில் கிடந்த அவருடைய செல்போனில் காலை ஆறு மணி அலாரம் அடித்தது. அழுதுகொண்டிருந்த பெண்கள் சட்டென்று அடங்கிப்போனார்கள்.

"கழுகு பாக்கற நேரம்," என்றாள் அம்மா சூசைமேரி. "எங்க இருக்குதுன்னு பாத்து அவரு காதுல சொல்லிடு டெல்சி. அது தெரியாம அந்த மனுசன் காப்பித் தண்ணிகூட வாயில வெச்சதில்ல."

டெல்சி அலாரத்தை அணைத்தாள். வரைபடத்தைத் திறக்கவில்லை.

அப்பா சவரியப்பன் தேன்கனிக்கோட்டைக் காட்டில் இருபத்திரண்டு வருடம் தற்காலிகக் காவலர். நிரந்தரமாக்குகிறோம் என்று சொல்லிச் சொல்லியே கிழவனாக்கி அனுப்பினார்கள். மாயாற்றுப் பக்கம், செத்ததைத் தின்னும் பாறு கழுகு ஒன்றைப் பிடித்து, முதுகில் தீப்பெட்டி அளவுக் கருவி கட்டிப் பறக்கவிட்டபோது அவரும் கூட இருந்தார். அது போகுமிடம் செல்போன் வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாகத் தெரியும். இடுப்பெலும்பில் புற்று வந்து படுத்த பிறகு, கண்ணும் மங்கிவிட, டெல்சிதான் பார்த்துச் சொல்வாள். பந்திப்பூர், பன்னேர்கட்டா, மறுபடி தேன்கனிக்கோட்டை. செக்போஸ்ட்டில் சீட்டுக் காட்டிவிட்டா அது எல்லை தாண்டுகிறது? அவளுக்குத்தான் வீடு, ஆறரை மணி கம்பெனி பஸ், ஓசூரில் எட்டு மணி நேரம் நின்றபடி வேலை, மறுபடி வீடு. மூன்று வருடமாக அவளுடைய வரைபடம் அவ்வளவுதான்.

பன்னிரண்டு நாளாக அந்தப் புள்ளி நகரவில்லை. ஊருக்கு மேற்கே கரட்டுப் பாறையில் நின்றுவிட்டது. ஏனென்று அவளுக்குத் தெரியும்.

அதற்கு முந்தின வாரம் பசு பள்ளத்தில் விழுந்து இடுப்பு ஒடிந்து நாளெல்லாம் கதறியது. மாட்டு டாக்டர் வரவில்லை. அப்பாவுக்குப் போட்டுப் பழகிய கையால், அவருடைய வலி ஊசி மருந்தையே நான்கு புட்டி ஏற்றினாள். அன்றைக்கு அவருக்குப் போட மருந்தில்லை. கடையில் தீர்ந்துவிட்டது என்றாள். அந்த மருந்து ஏறிய மாட்டைத் தின்றால் கழுகு செத்துப்போகும் என்று வீடு வீடாகச் சொன்னவர் அவர்தான். செத்த மாட்டைப் புதைக்காமல் பாறையில் போடுங்கள், கழுகுக்கு ஆகும் என்று ஊரைப் பழக்கியவரும் அவர்தான். பசு செத்தது. ஊர் ஆட்கள் வழக்கப்படி டிராக்டரில் இழுத்துப்போய்ப் போட்டார்கள். வேண்டாமென்றால் ஏனென்று கேட்பார்கள். பஸ்ஸும் வந்துவிட்டது.

அப்புறம் தினமும் காலையில் பொய்தான்.

"மைசூர் பக்கம்ப்பா."

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன்ப்பா."

அவர் அவள் முகம் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தாள். அந்த ஒருநாள் நேற்று மத்தியானத்தோடு தீர்ந்துபோனது.

பத்து மணிக்குக் கழுகு ஆராய்ச்சி செய்யும் குருமூர்த்தி வந்தார். மாலையை வைத்துவிட்டு டெல்சியைப் பந்தல் ஓரம் கூப்பிட்டார்.

"பறவ செத்துப்போச்சும்மா. பாறை இடுக்குல கிடந்துச்சு. கயிறு கட்டி எறங்க ஆளு கெடச்சு இன்னைக்கு விடிஞ்சப்புறந்தான் கருவிய எடுத்தோம். பையில இருக்குது."

"சார், அந்த மாட்டுக்கு..."

"தெரியும்மா. புள்ளி நின்ன மூணாம் நாளே அப்பாவுக்கு போன் பண்ணேன். மாடு கத்துறது தாங்கல, நாந்தான் என் மருந்த போடச் சொன்னேன், என் பேர எழுதிக்கங்க சார்னாரு. ரிப்போர்ட்ல அப்படியே எழுதிட்டோம்."

அவள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டாள். அப்பா தினமும் காலையில் தெரிந்துகொண்டேதான் கேட்டிருக்கிறார். இப்போது நான்தான் என்றால் அவர் கடைசியாகச் சொன்னதைப் பொய்யாக்க வேண்டும். பேசாமலிருந்தால் அந்தக் காகிதத்தில் அவர் பேர் அப்படியே கிடக்கும். எந்தப் பக்கமும் நகர வழியில்லை.

சவப்பெட்டியை மூடத் தச்சர் ராமப்பன் ஆணியோடு வந்து நின்றார். அம்மா செல்போனை நீட்டினாள்.

"இப்பவாச்சும் சொல்லுடி."

டெல்சி வரைபடத்தைத் திறந்தாள். புள்ளி பாறையில் இல்லை. கரட்டைவிட்டு இறங்கி, ஏரிக்கரை ரோட்டில் வந்து, அவர்கள் தெருவில் நின்றிருந்தது. வாசலில் குருமூர்த்தி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் குனிந்து அப்பாவின் காதருகே வாயை வைத்தாள்.

"நம்ம வீட்லதாம்ப்பா இருக்குது."

ராமப்பன் மூடியைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். அவள் நிமிரவில்லை.