வீடு திரும்பிய கோடுகள்

ஓவிய ஆசிரியரை அடக்கம் செய்த மறுநாள் மதியம், அவர் தன் மாணவர்களுடைய படங்களில் போட்டிருந்த கோடுகள் தாள்களை விட்டு எழுந்து வீடு திரும்பத் தொடங்கின. முதலில் வந்தது ஒரு முழங்கை. கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மகள்தான் அதைப் பார்த்தாள். கரியால் இழுத்த வளைகோடு ஒன்று மதில்மேல் ஏறி, ஈரப் போர்வையைச் சுற்றிக் கடந்து, தனக்கு வழி தெரியும் என்பதுபோல ஜன்னல் வழியாகக் கூடத்துக்குள் போனது. பின்னாலேயே போய்ப் பார்த்தபோது அப்பாவின் நாற்காலிக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. பூனை ஏதாவது நுழைந்ததா என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்டாள். இல்லை, அப்பா போட்ட கோடு என்று மகள் சொன்னாள். "அப்ப ஜன்னலைச் சாத்தாதே, இன்னும் வரும்," என்றாள் அம்மா. "அந்த மனுஷன் எங்கெங்க போட்டு வச்சிருக்காரோ."

எங்கெங்கும் போட்டு வைத்திருந்தார். அவருடைய வகுப்பில் ரப்பருக்கு இடமில்லை. பிள்ளைகள் படத்தை வரைந்து எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். அவர் ஒரு தகர டப்பாவிலிருந்த கரித்தூளில் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டு, தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்து, ஒரே ஒரு கோடு போடுவார். பிள்ளை போட்ட தப்புக்கோடு அப்படியே இருக்கும், பக்கத்தில் சரியான கோடு வந்து நிற்கும். "தப்பும் இருக்கட்டும், அதுவும் உன் கைதானே," என்பார். அந்த ஒரு கோட்டில், பூசணிக்காய் மாதிரி இருந்த முகம் எதிர்வீட்டுத் தையல்காரரின் முகமாகிவிடும். கரிவிரல் சார் என்றுதான் ஊரில் பெயர். பெற்றோர்கள் பிள்ளைகளின் படங்களைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். வந்தவர்களிடம் எங்கள் பையன் வரைந்தது என்று காட்டினார்கள். பையனும் அதை நம்பினான். ஆசிரியர் யாரையும் மறுத்துப் பேசியதில்லை.

அடுத்த சில வாரங்களில் அந்தப் படங்களிலெல்லாம் தப்புக்கோடுகள் மட்டும் மிஞ்சின. பல் மருத்துவரின் அறையிலிருந்த கிளிக்கு அலகு போயிற்று. வக்கீல் வீட்டுக் கப்பலுக்குக் கீழே இருந்த கடல்மட்டம் கிளம்பி வந்துவிட, கப்பல் வானத்தில் நின்றது. கல்யாணத்துக்கு முன் வரைந்ததென்று பேருந்து ஓட்டுநர் பத்திரமாக வைத்திருந்த மனைவியின் படத்தில் தாடையைக் காணோம். அந்த அம்மாள் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். சிலர் காவல் நிலையத்துக்குப் போனார்கள். இறந்தவர் தன் சொந்தப் பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டதற்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று எழுத்தர் கேட்டார். போனவர்கள் அப்படியே திரும்பி வந்தார்கள். கோடுகளோ வெயில் மழை பார்க்காமல் வந்துகொண்டிருந்தன. கூடத்தின் சுவர் நிறைந்து, நடையில் பரவி, குளியலறைக் கதவுவரை போயின. தோள்கள், கூரைகள், நாயின் முதுகுகள், எதனுடையது என்று சொல்ல முடியாத வளைவுகள். அம்மா ஒட்டடை அடிக்கும்போது அவற்றை ஒதுங்கச் சொல்வாள். அவையும் ஒதுங்கும்.

பள்ளியில் இரங்கல் கூட்டம் வைத்தபோது இந்த நஷ்டத்தை யாரும் பேசவில்லை, நாகரிகம் கருதி. பேசியவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். சார் எனக்கு அப்பா மாதிரி என்றார் பல் மருத்துவர். வக்கீலும் அதையே சொல்லி, சொந்த அப்பாகூட அப்படி இருந்ததில்லை என்று சேர்த்துக்கொண்டார். அவருடைய சொந்த அப்பா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். பேருந்து ஓட்டுநர் அழுதுவிட்டார். மகள் முன்வரிசையில், கொடுத்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பேச யாரும் கூப்பிடவில்லை. கூட்டம் முடியும் நேரத்தில் அம்மாவின் காதோரம் குனிந்து, "எனக்கும் அப்பா மாதிரிதாம்மா இருந்தாரு," என்றாள். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பின்னால் இருந்தவர்கள் அழுகிறாள் என்று நினைத்துத் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். அதன் பிறகு நிஜமாகவே அழுதாள்.

மகளிடம் ஒரு படம் இருந்தது. சின்ன வயதில், விடுமுறை நாளில் வீட்டுக்கு மற்ற பிள்ளைகள் படம் வரைய வந்திருந்தபோது, அவளும் அப்பாவின் நாற்காலியை வரைந்து எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். மூன்று கால்கள் சரியாக வந்திருந்தன. நாலாவது, பின்பக்கத்து இடது கால், குட்டையாகி அந்தரத்தில் தொங்கியது. அப்பா தாளை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கட்டைவிரல் நாலாவது காலுக்கு நேராக வந்து நின்றது. பிறகு அவர் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, தாளை அவள் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். அவள் வரிசையின் கடைசியில் போய் மறுபடி நின்றாள். மறுபடியும் அதேதான் நடந்தது. தாளைப் பீரோவின் அடித்தட்டில் துணிக்குக் கீழே வைத்தவள், அதற்குப் பிறகு எதையும் வரையவில்லை. வளர்ந்து கார் ஒடுக்கு எடுக்கும் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். நசுங்கிய கதவின் பள்ளத்தில் பட்டி மாவு பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பழைய வர்ணத்தோடு சேரும்படி பெயின்ட் கலந்து அடிப்பாள். அடி பட்ட இடமே தெரியாமல் போனால் வேலை சுத்தம். தப்பும் இருக்கட்டும் என்று அங்கே சொன்னால் சம்பளம் வராது.

அப்பா படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள், அவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்துக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது, கேட்டேவிட்டாள். "அன்னிக்கு என் நாற்காலியில ஏம்ப்பா கோடு போடல?" அவர் வாயிலிருந்த கஞ்சியை விழுங்கினார். "எந்த நாற்காலி?" என்றார். அதில்தான் உட்கார்ந்திருந்தார். அவள் அவர் வாயைத் துடைத்துவிட்டாள்.

அம்மாவுக்கு ஒரு விளக்கம் இருந்தது. "உன் படத்துல திருத்த ஒண்ணுமில்லைன்னு விட்டிருப்பாரு."

"நாலாவது கால் அந்தரத்துல தொங்குதும்மா. தெருவுல போற மாடு பாத்தாலும் சொல்லும்."

"மாட்டுக்கு ஓவியம் தெரியுமாடி?"

"அவருக்குத் தெரிஞ்சுதே."

இப்போது கோடுகள் வரத் தொடங்கியதும் மகளுக்கு ஒரு எண்ணம் எழுந்தது. போட்ட கோடுகள் எல்லாம் வருகின்றன என்றால், போட வந்து விரலிலேயே நின்றுபோன கோடும் எங்கேயாவது இருக்க வேண்டும். அதுவும் ஒருநாள் மதில் ஏறி வரும். அதன் நீளம் அவளுக்குத் தெரியும், சாய்வு தெரியும், எந்த இடத்தில் அழுத்தம் கூடும் என்றும் தெரியும். வேலை முடிந்து வந்ததும், கால்கூடக் கழுவாமல், பட்டறையில் ஒடுக்குப் பார்க்கும் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு அன்றைக்கு வந்த கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். மேசைக் கால்கள் வந்தன. குடைக் கம்பிகள் வந்தன. ஒரு தடவை கட்டில் கால் ஒன்றைப் பார்த்து ஏமாந்து, அன்று சாப்பிடவில்லை.

குதிரைக்காரர் வந்தது அந்தச் சமயத்தில்தான். ஆசிரியரின் மாணவர்களிலேயே பெரிய ஆளானவர் அவர். பள்ளிக்காலத்தில் வரைந்த ஒரு குதிரைக்குப் பரிசு வாங்கி, அதே குதிரையை ஆயுள் முழுக்கத் திரும்பத் திரும்ப வரைந்து, தலைநகரத்தில் மாடி வீடு கட்டியவர். அந்த முதல் குதிரை அருங்காட்சியகத்தில் இருந்தது. பிடரியிலிருந்து வால்வரைக்கும் ஓடிய முதுகுக்கோடு இறங்கிப் போய்விட, குதிரை நனைந்த சாக்கு மாதிரி உட்கார்ந்துவிட்டது. பார்வையாளர்களை வேறு கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சட்டத்தோடு படத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். கார் கதவுக்கு எப்போதோ மறுவர்ணம் அடித்திருந்ததை, அது பழைய வர்ணத்தைவிட அரைச்சாயல் கூடிப்போயிருந்ததை, மகள் வாசலிலேயே கவனித்தாள்.

"அக்கா, சார் எனக்கு அப்பா மாதிரி."

"தெரியும், கூட்டத்துல சொன்னாங்க. உக்காருங்க."

"அந்த முதுகை மட்டும் குடுத்துடுங்கக்கா. என் பேரே அதுலதான் இருக்கு."

"நான் ஒண்ணும் பிடிச்சு வைக்கலையே. அதோ, கடிகாரத்துக்குக் கீழ இருக்கு. கூப்பிட்டுப் பாருங்க."

அவர் படத்தைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பட்டுச்சட்டை கசங்க, வா வா என்று கோழியைக் கூப்பிடுவதுபோல வெகுநேரம் கூப்பிட்டார். கோடு அசையவில்லை. மறுநாள் கொத்தனாரோடு வந்து, அம்மாவிடம் அனுமதி கேட்டு, அந்த இடத்துப் பூச்சை மட்டும் பலகைபோலப் பெயர்த்து, மெத்தையில் சுற்றி எடுத்துப் போனார். கார் தெருமுனை திரும்புவதற்குள் கோடு திரும்பி வந்து வெறும் செங்கல்மேல் படுத்துக்கொண்டது. மூன்றாவது நாள் தனியாக வந்தார். இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது.

"நீங்களே ஒண்ணு போட்டுக் குடுங்களேன்க்கா. அவர் பொண்ணுதானே, அதே கையாத்தானே இருக்கும்."

"எனக்கு ஒடுக்கு எடுக்கத்தான் தெரியும். உங்க கார் கதவைக் குடுங்க, சரி பண்ணித் தர்றேன்."

அவர் போய்விட்டார். கடைசியில் தானே ஒரு முதுகு போட்டுக்கொண்டார் என்று பத்திரிகையில் படத்தோடு வந்தது. அது குதிரைதான் என்று நிபுணர்கள் சொன்னார்கள். ஊரில் மற்றவர்களும் ஆளுக்கொரு அலகு, ஆளுக்கொரு தாடை போட்டுச் சமாளித்துக்கொண்டார்கள். ஆசிரியர் பெயரைத் தெருவுக்கு வைப்பதாக இருந்தவர்கள் அந்தப் பேச்சை மெதுவாகக் கைவிட்டார்கள்.

மழைக்காலம் முடிந்தபோது கோடுகள் வருவது குறைந்து, பிறகு நின்றுபோயிற்று. கடைசியாக வந்தது ஒரு காது. அதற்குப் பிறகும் மகள் வெகுநாள் கைவிளக்கோடு சுவர் சுவராகப் பார்த்தாள். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒருநாள் சொன்னாள்: "வராதுடி. போட்டாத்தானே வரும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் கூடம்வரை வந்திருந்தபோது, மகள் பீரோவின் அடித்தட்டிலிருந்து தாளை எடுத்தாள். மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. அப்பாவின் தகர டப்பாவில் அடியில் கொஞ்சம் கரித்தூள் இருந்தது. அதில் கட்டைவிரலைத் தேய்த்தாள். தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். தான் அப்படிப் பிடித்திருப்பது அவளுக்குத் தெரியவில்லை. அந்தரத்தில் தொங்கிய குட்டைக்காலுக்குப் பக்கத்தில் ஒரே இழுப்பாக ஒரு கோடு போட்டாள். அவ்வளவுதான். நாற்காலி தரையில் உட்கார்ந்தது. யாராவது அதில் உட்காரலாம் போல இருந்தது. இத்தனை வருஷத்தில் தனக்கென்று அவள் போட்ட ஒரே கோடு அது. அதைத் தாளின்மேல் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு ஒரு முனையில் நெளிந்தது. தாளை விட்டு எழுந்து, அவள் மணிக்கட்டை ஒரு சுற்றுச் சுற்றி, காற்றில் நீந்திப் போய், முதலில் வந்த முழங்கைக்கும் ஒரு நாயின் முதுகுக்கும் நடுவே இருந்த இடைவெளியில், தனக்கென்று விட்டு வைத்த இடம்போல, ஒட்டிக்கொண்டது.

"இதையுமா?" என்றாள் மகள், அப்பாவின் காலி நாற்காலியைப் பார்த்து.

"என்னடி அங்க சத்தம்?" என்று அம்மா உள்ளே இருந்து கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. இன்னொண்ணு வந்திருக்கு."

"யாரோடது?"

மகள் சுவரைப் பார்த்தாள். கைவிளக்கைக் கொண்டுவந்து கிட்டத்திலும் பார்த்தாள். மற்ற கோடுகளிலிருந்து அதைப் பிரித்துச் சொல்ல அவளாலேயே முடியவில்லை.

"அப்பாவோடதுதான்," என்றாள்.

தாளை மடித்துப் பழைய இடத்தில் வைத்தாள். அதில் நாற்காலியின் நாலாவது கால் முன்போலவே அந்தரத்தில் தொங்கியது. கட்டைவிரல் கரி சோப்புக்குப் போகவில்லை. மறுநாள் பட்டறையில் தின்னர் ஊற்றித் தேய்த்தும் போகவில்லை. வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றிருந்தது. கறை பட்டுவிடும், கையுறை போட்டுக்கொள் என்றார் முதலாளி. போட்டுக்கொண்டாள்.