தங்கச்சிக்கு எடுத்துவைத்த மிட்டாய்

திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்சில் கொண்டுவந்து இறக்கியபோது, சிலுவை தன் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, "இது ஆருக்க வீடு?" என்று கேட்டான்.

கொச்சியிலும் மங்களூரிலும் ஆழ்கடல் படகுகளில் கிடந்து சம்பாதித்து அவனே கட்டிய வீடு அது. மாடிப்படிக்குப் பச்சை டைல்ஸ்தான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்று வாங்கிப் போட்டவன். மே மாதம் கொச்சிக்கு மேற்கே வலை இழுக்கும்போது வின்ச் எந்திரத்தின் இரும்பு வடம் அறுந்து தெறித்து அவன் பின்மண்டையில் அடித்தது. மண்டையைத் திறந்து உறைந்த இரத்தத்தை எடுத்தார்கள். கை கால்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பேச்சும் திரும்பி வந்தது. ஆட்கள்தான் நினைவுக்கு வரவில்லை.

மனைவி வேளாங்கண்ணியை "நிங்க" என்று அழைத்தான். அவள் சோறு வைத்தால், விருந்துக்குப் போன வீட்டில் போலக் கூச்சத்தோடு உட்கார்ந்து, மறுசோறு கேட்காமலே எழுந்துவிடுவான். கத்தாரிலிருந்து மகன் சிஜோ வீடியோவில் வந்து "அப்பா" என்றபோது, போனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "இந்த சாரு ஆரு?" என்று பக்கத்தில் நின்றவளிடம் கேட்டான். அதற்குப் பிறகு சிஜோ வீடியோவில் வருவதில்லை. தாயிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுவான்.

பிலோமி சிலுவையின் ஒரே தங்கை. புதுக்கடை என்ற ஊர்ப்பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கணவன் குவைத்தில். காலையில் வீட்டு வேலையை முடித்துவிட்டு பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்கு வந்து, சாயங்காலம் திரும்பிப் போவாள். அவளுக்கு அண்ணன் என்றால் அண்ணன் மட்டுமில்லை. அவளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது தாய் இறந்துபோனாள். அப்பன் கடலில் பாதி, கள்ளில் பாதி. ஏழு வயது மூத்த சிலுவைதான் அவளைக் குளிப்பாட்டினான், கோணல் மாணலாகத் தலை பின்னிவிட்டான், பள்ளிக்கூடத்து வாசல்வரை தூக்கிக்கொண்டு போய் விட்டான். அவன் கடலுக்குப் போக ஆரம்பித்ததே அவளுக்குப் புதிய பாவாடை வாங்கத்தான் என்று ஊரில் சொல்வார்கள்.

டாக்டர் மறுபரிசோதனையின்போது சொன்னார்: "பழைய ஓர்மைகள் உள்ளே கிடக்கலாம். சின்ன வயசில் புழங்கின சாமான், தின்ன பண்டம், ஏதாவது கொடுத்துப் பாருங்க. ஆனா ஒண்ணும் உறுதி சொல்ல முடியாது." கடைசி வாக்கியத்தை பிலோமி காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் அவள் புதுக்கடைக் கடைவீதியில் இறங்கித் தேடினாள். ஒரு கடையில் பிளாஸ்டிக் ஜாடிகளில் பழைய மிட்டாய்களை அடைத்து, கல்யாண வீடுகளுக்குக் கொடுப்பதற்காக விற்றுக்கொண்டிருந்தார்கள். தேன் மிட்டாய், கமர்கட்டு, புளிப்பு மிட்டாய், சூட மிட்டாய் எல்லாவற்றிலும் கொஞ்சம் வாங்கினாள். சிலுவை தேன் மிட்டாய் ஒன்றை வாயில் போட்டான். பாகு உள்ளே உடைந்ததும் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு, "லாசர் கடைலயா வாங்கினிய?" என்று கேட்டான்.

வேளாங்கண்ணி கையிலிருந்த அகப்பையோடு ஓடி வந்தாள். அவர்கள் சிறுவயதில் மிட்டாய் வாங்கிய லாசர் கடை இடிந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு பெண்களும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவன் அவர்களை ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டே அடுத்த மிட்டாயை எடுத்தான்.

அன்றிலிருந்து பிலோமிக்கு இதுவே வேலையாயிற்று. கல்லறைத் தோட்டத்துப் புன்னை மரத்தடியில் குனிந்து குனிந்து காய் பொறுக்கினாள். அந்தக் காலத்தில் கோலி வாங்கக் காசில்லாத பிள்ளைகளுக்குப் புன்னைக்காய்தான் கோலி. பஸ் வழியில் ரப்பர் தோட்டத்தில் இறங்கிக் கொட்டை பொறுக்கி வந்தாள். சிலுவை அதைக் கையில் வாங்கியதும் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து, சூடேறியதும் அவள் முழங்கையில் வைத்தான். அவள் "ஆ" என்று துள்ள, அவன் வாய்விட்டுச் சிரித்தான். விபத்துக்குப் பிறகு அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. தேய்ந்த ரப்பர் செருப்பை வட்ட வட்டமாக வெட்டிச் சக்கரம் பண்ணி, ஈர்க்குச்சியில் கோத்து அவனே ஒரு வண்டி செய்தான். விரல்கள் ஒன்றையும் மறந்திருக்கவில்லை.

கோட்டார் சவேரியார் திருவிழாக் கடைகளில் அலைந்து, ஒரு தகரப் படகும் வாங்கிவிட்டாள். எண்ணெய்த் திரியைக் கொளுத்தி உள்ளே வைத்தால் தண்ணீரில் டபடபவென்று சத்தம் போட்டுக்கொண்டு ஓடும் படகு. குளியலறையில் வாய் அகன்ற சருவத்தில் தண்ணீர் நிரப்பி அதை ஓடவிட்டபோது சிலுவை முட்டுக்குத்தி உட்கார்ந்து, அது விளிம்பில் மோதும்போதெல்லாம் விரலால் திருப்பிவிட்டான்.

"இத அவ காணணும்," என்றான்.

"ஆரு?"

"எனக்க தங்கச்சி. பிலோமிப் பிள்ள."

பிலோமி அவன் எதிரில் தரையில் உட்கார்ந்து, "அண்ணா, நான்தான் பிலோமி. இஞ்ச பாரு," என்றாள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். நரைத்த நெற்றி முடி, மூக்குக் கண்ணாடி, கழுத்துச் சங்கிலி. பெரியவர்கள் விளையாட்டுக்குச் சொல்வதைக் கேட்டு மரியாதைக்குச் சிரிக்கும் பிள்ளையைப் போலச் சிரித்தான். "நிங்க நல்ல அக்கா. அவளுக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்து கெடக்கு. 'ச' பறய வராது. என்ன 'இலுவண்ணா'ன்னுதான் விளிப்பா."

உண்மைதான். அவள் அப்படித்தான் அழைத்தாள். அதை மறந்தே போயிருந்தாள்.

"இலுவண்ணா," என்று அழைத்துப் பார்த்தாள்.

அவன் முகம் சுருங்கியது. "அப்படி விளியாதிய. அது அவ விளிக்கது."

நாட்கள் போகப் போக அவனுக்கு நிறைய நினைவு வந்தது. எதுவும் அவனுடைய பதினாலு வயதைத் தாண்டி வரவில்லை. பிலோமி வாங்கி வரும் மிட்டாயில் ஒன்றைத் தின்பான், மிச்சத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான். அவள் கை நீட்டினால், "இது தங்கச்சிக்கு," என்று பையைப் பொத்திக்கொள்வான். பள்ளிக்கூடம் விடும் நேரமானால் கேட்டருகே நாற்காலி போட்டு உட்காருவான். இருட்டியதும் எழுந்து வந்து, "இண்ணைக்கும் வரல்ல," என்பான். பையில் மிட்டாய் உருகிச் சட்டையில் ஒட்டிப்போயிருக்கும். வேளாங்கண்ணி அதைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துத் துவைப்பாள்.

ஒருநாள் துணி துவைக்கும் கல்லில் நின்றபடியே அவள் சொன்னாள்: "பிலோமி, இனி ஒண்ணும் கொண்டு வராண்டாம்."

"ஏன் மைனி? ஓர்ம வருதுல்லா? சிரிக்காருல்லா?"

"ஆருக்கு வருது ஓர்ம?" வேளாங்கண்ணி சட்டையைக் கல்லில் அடித்தாள். "அவருக்கு இருபத்தாறு வயசுல நான் கெட்டி வந்தேன். இருபத்தெட்டுல சிஜோ. நீ நாளுக்கொரு சாமானம் கொண்டு வந்து அவர பின்னால பின்னால இழுத்துட்டுப் போற. பதினாலு வயசுப் பையனுக்கு நான் ஆரு? பக்கத்துல கெடந்து ஒறங்குததுக்கு வெக்கப்படுதாரு, கேட்டியா. நடுவீட்டுல பாய விரிச்சுக் கெடக்காரு. நான் இஞ்ச ஒத்தக்கு அழுதுட்டுக் கெடக்கேன்."

மைனி இத்தனை நாளும் அண்ணன் நினைவில் தன் முறை வரக் காத்திருந்தாள் என்பது பிலோமிக்கு உறைக்கவே இல்லை. அவளுக்கும் கிடைத்தது என்ன? அண்ணன் நினைவில் ஒரு சின்னப் பெண் நாளுக்கு நாள் தெளிவாகிக்கொண்டே வந்தாள். அந்தப் பெண் தெளியத் தெளிய, அவன் முன்னால் உட்கார்ந்திருக்கிற பிலோமி யாரோ ஒரு நல்ல அக்காவாக ஆகிக்கொண்டிருந்தாள். ஆனாலும் அவன் சிரிப்பதைப் பார்த்தபின் வெறுங்கையோடு வர அவளுக்கு மனம் வரவில்லை. "இன்னும் கொஞ்ச நாளு பாப்போம் மைனி," என்றாள்.

பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம் அது நடந்தது. பின்கட்டில் பிலோமியும் வேளாங்கண்ணியும் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு அபினா இரண்டாம் வகுப்பு. பள்ளி வேனிலிருந்து இறங்கி, பையைச் சுமந்துகொண்டு கேட்டைத் தாண்டி நடந்தாள். முன்பல் விழுந்த பிள்ளை. சிலுவை நாற்காலியிலிருந்து எழுந்து, "பிலோமி!" என்று கூவிக்கொண்டு ஓடி, அவளை அப்படியே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

அபினாவின் தாய் பிள்ளையைக் காணவில்லை என்று தேடி வந்தபோதுதான் இவர்களுக்குத் தெரிந்தது. நாற்காலி கிடந்தது, ஆள் இல்லை. சருவத்தில் படகும் இல்லை. பிலோமி மீன் கையோடு தெருவில் ஓடினாள். தென்னந்தோப்புக்கு அப்பால் கால்வாய்ப் பக்கமிருந்து பிள்ளை அலறும் சத்தம் கேட்டது.

சிலுவை இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தான். அபினாவை ஒரு கையால் அணைத்துப் பிடித்திருந்தான். மறு கையால் படகைக் காட்டி, "அழாத பிள்ளே, பாரு, ஓடுது பாரு," என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். பிள்ளை அவன் முகத்தைப் பிறாண்டிக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டது. பிலோமி இறங்குவதற்குள் தோப்பில் தேங்காய் வெட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் குதித்துவிட்டார்கள். ஒருவன் பிள்ளையைப் பறித்துக் கரையில் கொடுத்தான். மற்றவன் ஆள் யாரென்று பார்க்காமல் சிலுவையின் கன்னத்தில் ஓங்கி அடித்தான். சட்டைப் பையிலிருந்த மிட்டாய்கள் தண்ணீரில் கொட்டின.

"அடியாதிய, அவரு சுகமில்லாத மனுசன்!" என்று பிலோமி கத்தினாள். அடித்தவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான். சிலுவையோடு ஒரே படகில் ஒரு காலத்தில் அவனும் வேலை பார்த்தவன்தான்.

அன்று சாயங்காலம் அபினாவின் தாய் வந்தாள். சண்டை போடவில்லை. "தெரிஞ்சு செய்யல்லன்னு எனக்கு நல்லா தெரியும் அக்கா," என்றாள் வேளாங்கண்ணியிடம். "சிலுவண்ணன் எப்படிப்பட்ட ஆளுன்னு தெரியாதா? ஆனா பிள்ளைக்குக் காச்சலு. கண்ண மூடினா எழும்பி அழுது. கேட்டப் பூட்டி வைக்கணும், கேட்டியளா. எனக்குப் பயமாட்டு இருக்கு."

"பூட்டுதேன்," என்றாள் வேளாங்கண்ணி. அன்றைக்கே பூட்டு வாங்கிப் போட்டாள். புன்னைக்காய், செருப்பு வண்டி, மிட்டாய் ஜாடி எல்லாவற்றையும் ஒரு சாக்கில் அள்ளி, மறுநாள் பஞ்சாயத்துக் குப்பை வண்டி வந்தபோது தூக்கிப் போட்டாள். பிலோமி தடுக்கவில்லை. சாக்கின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கிக்கொடுத்தாள்.

சிலுவை சாமான்களைத் தேடவே இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். கன்னம் வீங்கியிருந்தது. பிலோமி எண்ணெய் தடவ உட்கார்ந்தபோது மெதுவாகக் கேட்டான்: "அக்கா, அவ எதுக்கு என்னக் கண்டு பயந்தா?"

"அது அவ இல்ல அண்ணா. அது வேற வீட்டுப் பிள்ள."

"அவதான். பல்லப் பாத்தேன்லா." அவன் கண் கலங்கியது. "நான் அவள அடிச்சதே இல்ல. ஒருக்கா ஏசிட்டுண்டு. வெள்ளத்துல இறங்காதன்னு. அதுக்கா இப்படி?"

"அவளுக்கு உங்க மேல ஒரு வருத்தமும் இல்ல," என்றாள் பிலோமி. "அவளுக்கு உங்கள விட்டா ஆரும் இல்ல. அது எனக்குத் தெரியும்."

"நிங்களுக்கு எப்படித் தெரியும்?"

சொன்ன பதிலை எத்தனை முறைதான் திரும்பச் சொல்வது? கடைசி பஸ்ஸுக்கு எழுந்தபோது அவன் அவள் சேலை நுனியைப் பிடித்தான். "வழியில அவளக் கண்டா பறயுவியளா? நான் இனி ஏசமாட்டேன், வீட்டுக்கு வரச் சொல்லுங்க."

"பறயுதேன்," என்றாள்.

அதிலிருந்து தினமும் அவள் உள்ளே வரும்போது, "கண்டியளா?" என்று கேட்பான். "இல்ல, நாளைக்குப் பாப்போம்," என்பாள். சில நாள் பஸ்ஸில் வரும்போதே அந்தக் கேள்வியை நினைத்து, இறங்காமல் திரும்பிப் போய்விடலாமா என்றிருக்கும். ஒருமுறை பொறுக்காமல், "கண்டேன், உங்களக் கேட்டா," என்று பொய் சொன்னாள். அன்று இரண்டு தடவை சோறு வாங்கித் தின்றான். மறுநாள் அதை நம்பி விடியலிலிருந்தே கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வேளாங்கண்ணியால் உள்ளே கூட்டிவர முடியவில்லை. பிலோமி அதற்குப் பிறகு பொய் சொல்லவில்லை.

தவக்காலத்தின்போது அவனுக்கு இருமுறை வலிப்பு வந்தது. மீண்டும் திருவனந்தபுரம், மீண்டும் மண்டை ஸ்கேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இம்முறை எதையும் கொடுத்துப் பார்க்கச் சொல்லவில்லை. மாத்திரைகளைக் கூட்டி எழுதினார்.

ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை பிலோமி வந்தாள். கேட்டின் பூட்டைத் திறந்துவிட்ட வேளாங்கண்ணி, "இண்ணைக்கு நல்லா ஒறங்கினாரு," என்றாள். சிலுவை நடுவீட்டில் உட்கார்ந்திருந்தான். கேட்பான் என்று பிலோமி காத்திருந்தாள். அவன் அவளைப் பார்த்தான், பிறகு சன்னலைப் பார்த்தான். முகத்தில் எதிர்பார்ப்பும் இல்லை, வருத்தமும் இல்லை.

மதியம்வரை பொறுத்துப் பார்த்து, அவளே கேட்டாள்: "அண்ணா, பிலோமியத் தேடல்லியா?"

"அது ஆரு?" என்றான்.

வேளாங்கண்ணி அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை மாதம் அவன் நினைவில் இருந்த அந்தச் சின்னப் பெண்ணின் மேல் அவளுக்கு இருந்த ஆத்திரம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. வந்து பிலோமியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தோளில் கைபோட்டாள். "போனாப் போட்டும் பிள்ளே," என்றாள். "இனி அவருக்கு ஒரு வருத்தமும் இல்லல்லா." சொல்லும்போதே அவளும் அழுதாள்.

சற்று நேரம் கழித்து எழுந்துபோய், கஞ்சியை ஆற்றிக் கொண்டுவந்தாள். பிலோமி அதை வாங்கி, சிலுவையின் வாயருகே கரண்டியை நீட்டினாள். அவன் யார் தருகிறார்கள் என்று பார்க்காமல் வாயைத் திறந்தான்.