நான்கு நாள் விட்ட மாத்திரை

ஞானசௌந்தரி கல்யாணத்துக்குச் சம்மதம் என்று சொன்னபோது நேசகுமாரின் நெஞ்சு அடித்துக்கொள்ளவே இல்லை. திருப்பதியில் அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடை வாசலில், ஐம்பத்தாறு வயதில் நின்றுகொண்டு, தன் இதயம் காற்றில்லாத ஏரியைப்போல் கிடப்பதை உணர்ந்தார். காலஞ்சென்ற மனைவியைப் பெண் பார்த்த அன்று சட்டைக்கு மேலே தெரியும்படி துடித்த இதயம் அது. இவளை ஏமாற்றுகிறோமோ என்று பயம் வந்தது. பிறகு, தினமும் போடும் ரத்த அழுத்த மாத்திரையின் மேல் சந்தேகம் வந்தது.

சபையில் மூன்று ஞாயிறுகள் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்த பிறகுதான் கல்யாணம். முதல் ஓலைக்கு முந்தைய புதன்கிழமை அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார்.

சித்தூர் ஆலயத்தில் போதகர் இருவர் பெயரையும் வாசித்து, ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்றார். ஆட்சேபித்தது நேசகுமாரின் நெஞ்சு மட்டும்தான். ஆசைப்பட்டபடி துடித்தது, பிறகு ஆசைப்பட்டதற்கும் மேலே போனது. காதில் இரைச்சல். சட்டை நனைந்தது. பெண்கள் பக்கமிருந்து கவனித்த ஞானசௌந்தரி, ஆராதனை முடிந்ததும் நேராக வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இன்னாம்மா, இப்பவே கைய புடிச்சிட்ட? இன்னும் ரெண்டு ஓலை கீது!" என்று சிரித்தார் பாடகர் குழு ஆண்ட்ரூ.

"நூத்தி இருபத்தி நாலு," என்றாள் அவள், சிரிக்காமல். "மாத்திரை போட்டீங்களா?"

அவர் உண்மையைச் சொன்னார். ஏன் நிறுத்தினார் என்பதையும்.

கிளினிக்கில் டாக்டர் திட்டிவிட்டு மாத்திரையை மறுபடி தொடங்கி, சற்று நேரம் உட்காரவைத்தார். பெஞ்சில் அவள் மெதுவாகச் சொன்னாள்:

"ரத்தத்துல அட்ரினலின் ஓடிக்கினே இருக்கும். வேகமா அடின்னு இதயத்தோட கதவத் தட்டும். இந்த மாத்திரை கதவ அடைச்சிக்கினு உக்காந்துக்கும். இதயம் அலட்டிக்காம அடிக்கும், ரத்தத்தத் தள்ற வேகம் குறையும், பிரஷர் எறங்கும். கிட்னியும் பிரஷர ஏத்தறதக் கொறச்சிக்கும். திடீர்னு நிறுத்திட்டா எல்லாம் ஒண்ணா உள்ள நொழையும்."

"அப்போ உங்களப் பாத்தா எனக்குத் துடிக்கவே துடிக்காதா?"

"துடிச்சாத்தான் ஆசையா? நான் சம்மதம் சொன்ன அன்னிக்கி, கடைக்கு எதிர்ல பஸ் ஸ்டாப்புல நின்னுக்கினு மூணு சித்தூர் பஸ்ஸ விட்டீங்க. நான் கடைக்குள்ளருந்து பாத்துக்கினுதான் இருந்தேன்."

அடுத்த ஞாயிறு நேசகுமார் மாத்திரை போட்டுக்கொண்டு வந்தார். இரண்டாவது ஓலையின்போது நெஞ்சு சாதுவாக அடித்தது. வெளியே வந்ததும், ஆண்ட்ரூ பார்க்கிறார் என்று தெரிந்தே, அவள் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினார்.

"நூத்திப் பத்து!"

"எனக்குத்தான் மாத்திரை இல்லியே," என்றாள் அவள்.